டிரம்ஸ்: தனசிங்

ஜூன் 2, ஞாயிறு

பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுத்த டாக்டர், தினமும் மனதில் இருப்பதை நாலு வரி எழுதுங்கள், படபடப்பு குறையும் என்றார். எழுதுகிறேன். பெரிதாகப் படபடப்பு எதுவும் இல்லை.

காலையில் பெரம்பூர் மார்க்கெட்டில் சங்கரா மீனைக் கழுவக் கொடுத்துவிட்டு நின்றபோது பெங்களூரிலிருந்து ஒரு இசை நிறுவனம் போன் செய்தது. எங்கள் ‘கரி எஞ்சின்’ குழுவின் ஆறு ஆல்பங்களையும் மறுபடி வெளியிடப் போகிறார்களாம். அதோடு, குழுவுக்கு நாற்பது வயதாவதையொட்டிச் சென்னையில் ஒரு கச்சேரி வைத்து, அதை அப்படியே பதிவு செய்து லைவ் ஆல்பமாகப் போட வேண்டுமாம். ஆறு ஆல்பமும் ஸ்டுடியோவுக்குள் அடைந்து கிடந்து செய்தவை. மேடையில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. ‘நேரில்’ என்று பெயர் வைக்கலாம் என்று அங்கே நின்றபடியே சொன்னேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

நாங்கள் மூன்று பேர். கிடார் நான். எல்லாப் பாட்டுக்கும் மெட்டு என்னுடையது. பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் கஜேந்திரன், வியாசர்பாடிக்காரன். குரல் இன்னும் ரம்பம் மாதிரி இருக்கிறது. டிரம்ஸ் தனசிங். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரசிகர்கள் அவனை ‘இடி’ என்பார்கள். ரசிகர்களுக்கு யாருக்காவது பட்டப்பெயர் வைக்காவிட்டால் தூக்கம் வராது.

கஜாவிடம் சொன்னேன். “இன்னாடா சொல்ற! நம்மள இன்னும் யார்னா கேக்கறானா?” என்றான். தனசிங் போனிலேயே அழுதுவிட்டான். “மச்சான், சாவறதுக்குள்ள ஒரு லைவ் ஆல்பம்னு ஆண்டவர்கிட்ட கேட்டுக்கினே இருந்தேன்டா.” எனக்கு அழுகை பிடிக்காது. மீன் கெட்டுவிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

கஜா வீட்டு மாடியறையில் ஒத்திகை. ஃபேன் ஓடவில்லை.

மூன்றாவது பாட்டில் தனசிங் தாளத்தை விட்டான். மறுபடி ஆரம்பித்தோம், அதே இடத்தில் மறுபடி விட்டான். “புழுக்கம் தாங்கல, வேர்வைல குச்சி வழுக்குது” என்று துண்டால் கையைச் சுற்றிக்கொண்டான். கஜா உடனே, “ஆமாண்டா, இந்த ரூமு அடுப்பு மாதிரி கீது” என்றான். வழுக்கினால் குச்சி விழும். இவன் கையில் குச்சி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. டீ வந்ததும் அவன் டம்ளரை மட்டும் விளிம்பு வரை ஊற்றி நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொன்னான்.

அவன் மனைவி சுகிர்தா ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போனாள். அவன் பின்னால் உட்கார்ந்து போனான். எப்போதும் அவன்தான் ஓட்டுவான்.

ஜூன் 13, வியாழன்

சுகிர்தா தனியாக வந்தாள். என் மனைவி கிளாரா காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அண்ணா, அவருக்கு நடுக்குவாதம். பார்கின்சன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷமா இருக்கு. உங்ககிட்ட நான் சொன்னேன்னு தெரியக் கூடாது.”

“மாத்திரை?”

“போடறாரு. போட்டா கொஞ்ச நேரம் நல்லா இருக்கும். அப்புறம் மறுபடியும். சில நேரம் நேத்து நடந்தது இன்னிக்கு ஞாபகம் இருக்காது. இந்த ஒரு கச்சேரி மட்டும் அண்ணா. அதுக்கப்புறம் அவரே விட்டுடறேன்னு சொல்லியிருக்காரு. அவர ஒதுக்கிடாதீங்க.”

ஒதுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை இதுவரை மீறியதில்லை. என்னுடைய பி.பி. பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

நிறுவனத்துக்காக ஆறு ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டேன். முதலாவது கொஞ்சம் பிள்ளை விளையாட்டு. இரண்டாவது ‘கைகாட்டி’, அதில் என் கிடார் நிற்கிறது. மூன்றாவது ‘தடம் புரண்டது’. எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது இதைத்தான். இதற்குப் பிறகுதான் தனசிங் இடி ஆனான். அட்டைப் படத்தில் அவன் நடுவில் நிற்கிறான். நானும் கஜாவும் இரண்டு பக்கமும் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி நிற்கிறோம். படம் எடுத்தவன் வெளிச்சம் நடுவில்தான் விழுந்தது என்றான்.

இத்தனை வருடம் கழித்து அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூலை 6, சனி

தெருவில் பாதாளச் சாக்கடை வேலை. நாள் முழுக்க ஜன்னல் மூடியே இருந்தது.

ஜூலை 20, சனி

கச்சேரி முடிந்தது. ஒரு கல்லூரியின் திறந்தவெளி அரங்கம். இவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நரைத்த ஜடை போட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள்.

தனசிங் மாத்திரை நேரத்தைக் கணக்குப் பார்த்து ஏறியிருந்தான் போல. முதல் நாலு பாட்டு பழைய தனசிங். ஐந்தாவதில் இழுக்க ஆரம்பித்தான். அவனுக்காக நாங்களும் மெதுவாக வாசிக்க வேண்டியிருந்தது. ‘தடம் புரண்டது’ பாட்டில் நடுவே டிரம்ஸ் மட்டும் தனியாக வரும். அந்த இடத்தில் குச்சி கையை விட்டுப் பறந்தது. வேறொன்றை எடுத்தான், அதுவும் போனது. பிறகு மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டான்.

அரங்கம் அமைதியானது. பிறகு எங்கிருந்தோ ஒருவர் அந்தத் தாளத்தைக் கைதட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர், அவர் பக்கத்தில் இருந்தவர் என்று கூட்டம் முழுக்க அந்தத் தாளத்தை அவனுக்காகத் தட்டியது. ஓர் அடி கூடப் பிசகாமல் தட்டினார்கள். கஜா மைக்கை விட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அவமானமாக இருந்தது. ரசிகர்கள் காசு கொடுத்து வந்துவிட்டு நம் வேலையை அவர்கள் செய்வதா?

நான் டிரம்ஸ் அருகே போய் அவனுக்கு இரண்டு வார்த்தை தைரியம் சொன்னேன். பிறகு பாட்டை முடித்தோம்.

ஜூலை 24, புதன்

சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவைக் கேட்டோம். நானும் சவுண்ட் இன்ஜினியரும் மட்டும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி மைக் என்பதால் தனித்தனியாகக் கேட்க முடியும். டிரம்ஸை மட்டும் போட்டார். பரிதாபம்.

அந்த அமைதியான இடத்தில் டிரம்ஸ் மைக்கில் என் குரலும் விழுந்திருக்கிறது. “எந்திரிச்சுப் போடா. மானத்த வாங்காத.” தெளிவாகக் கேட்டது. இன்ஜினியர் என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடைச் சூழ்நிலை தெரியாதவர்கள் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்கள். அதை அழிக்கச் சொன்னேன். கைதட்டலையும் எடுத்துவிடச் சொன்னேன்.

டிரம்ஸை முழுக்க வேறொருவரை வைத்து ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துப் பழையதன் மேல் ஒட்டலாம் என்றார் அவர். லைவ் ஆல்பங்களில் இப்படி ஒட்டுப்போடுவது புதிதல்லவாம். நிறுவனத்துக்கும் சம்மதம்.

கஜாவிடம் போனில் சொன்னேன்.

“அவன்கிட்ட கேட்டியா?”

“கேட்டா மனசு ஒடைஞ்சிடுவான்டா. அவனோட நல்லதுக்குத்தான்.”

“அவன் நல்லதுக்குன்னா அவனாண்ட சொல்லு.”

“அப்ப ஆல்பம் வேணாம்னு சொல்லிடட்டுமா?”

கஜாவுக்கும் ஆல்பம் வேண்டும். “இன்னாவோ பண்ணு. நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றான். கஜாவிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான்.

ஆகஸ்ட் 3, சனி

பெனிட்டா என்ற பெண். தூத்துக்குடி. இன்ஜினியருக்குத் தெரிந்தவள், சினிமாப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

“சார், நான் டிரம்ஸ் கத்துக்கிட்டதே எங்கப்பாவோட ‘தடம் புரண்டது’ கேசட்டக் கேட்டுத்தான். டேப் அந்து அந்து ஒட்டி வச்சிருப்போம். அவரு எடத்துல நான் எப்படி? அவருக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அவரே சொல்லித்தான் உன்னைத் தேடினோம், உடம்பு முடியாததால் நேரில் வர இயலவில்லை என்றேன். ஒரு வகையில் அது பொய்யில்லை. தெரிந்திருந்தால் தனசிங் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 7, புதன்

பெனிட்டா கச்சேரி வீடியோவைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிறாள். வீடியோவில் அவன் கை எங்கே போகிறதோ அங்கே இவள் கை. பழைய ஆல்பங்களில் தனசிங் பெரிய டிரம்மை ஒரு இழை தாமதமாக மிதிப்பான். அதைத் தப்பு என்று நான் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறேன். இவள் அதையும் அப்படியே வாசிக்கிறாள். திருத்தச் சொன்னேன். “அதுதான் சார் அவரு” என்றாள்.

நடுவே நின்றுபோன இடத்தையும் முழுசாக வாசித்து நிரப்பிவிட்டாள். முடித்ததும், அவரை ஒரு தடவை பார்த்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்றாள். இப்போது ஓய்வில் இருக்கிறார் என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தனசிங் போன். “மச்சான், எப்படி வந்துருக்கு? என்னால கெட்டுப்போச்சா? உண்மையச் சொல்லு. வேணாம்னா நிறுத்திடலாம்.” வேலை நடக்கிறது, தொந்தரவு செய்யாதே என்றேன். மன்னிப்புக் கேட்டான்.

கிளாராவுக்கு முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

தனசிங் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். சுகிர்தா கேக் செய்திருந்தாள். அவன் சர்ச்சுக்குப் போட்ட சட்டையைக் கழற்றாமல் காத்திருந்தான்.

முதல் பாட்டில் இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் அழுத்தி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஐந்தாவது பாட்டில் தலை நிமிர்ந்தது. ‘தடம் புரண்டது’ வந்தது. தனி டிரம்ஸ் வந்தது. நின்ற இடம் நிற்காமல் கடந்து போனது. அவன் வாய் திறந்தபடி ஸ்பீக்கரையே பார்த்தான்.

“மச்சான், நான்தானா இது?”

கஜா எழுந்து வெளியே போய்விட்டான். சிகரெட்டை விட்டுப் பல வருடம் ஆகிறது அவனுக்கு.

“பின்ன யாரு?” என்றேன்.

“நான் நிறுத்திட்டேன்னு நெனச்சேனே. குச்சி போச்சுல்ல? ஜனங்க கை தட்டினாங்கல்ல?”

“கொஞ்ச நேரம்தான். அப்புறம் புடிச்சிட்டல்ல.”

“புடிச்சிட்டனா!” எழுந்து நின்றுவிட்டான். “சுகி, கேட்டியா? இந்த எடம் கேளு, இடது கை போற எடம். எனக்கு இப்ப ஞாபகம் வருது. ஆமா, இப்படித்தான் போனேன். மெதிக்கறது பாரு லேட்டா. அது வேற எவனுக்கும் வராதுடி!” அறைக்குள் இங்குமங்கும் நடந்தான். அவனை அப்படிப் பார்த்து நாளாகிறது.

சுகிர்தா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட் வரை வந்து, “உங்கள ஆண்டவர் நல்லா வைப்பாருண்ணா” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

செய்தது சரிதான் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

செப்டம்பர் 27, வெள்ளி

‘நேரில்’ வெளியானது. அட்டையில் மூன்று பெயர்கள். டிரம்ஸ்: தனசிங் என்பதை முதலில் போட்டிருக்கிறார்கள். அகர வரிசையா என்று கேட்டேன். இல்லையாம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பத்திரிகையில் விமர்சனம். தலைப்பு: ‘அறுபதைத் தாண்டியும் இடி’. முக்கால்வாசி தனசிங். அவன் தாளம் ரயில் போல வருகிறதாம், தண்டவாளம் அதிர்கிறதாம். கஜாவின் குரலுக்கு ஒரு பத்தி. என்னைப் பற்றி ஒரே வரி: “அம்ப்ரோஸின் கிடார் வழக்கம்போல் தன் கடமையைச் செய்கிறது.”

நான் விமர்சனங்களைப் பொருட்படுத்துவதில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

கடமை.

அக்டோபர் 3, வியாழன்

ரேஷன் கடையில் வரிசை. பின்னால் நின்ற ஒருவர், “நீங்க இடி தனசிங் குரூப்தானே சார்?” என்றார். என் குழுவின் பெயர் கரி எஞ்சின் என்று சொன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

தனசிங் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே டிரம்ஸ் சத்தம் கேட்டது. தினமும் காலையில் பயிற்சி செய்கிறானாம். கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் அவன் காதில் விழுவது ஆல்பத்தில் இருப்பது.

“டாக்டர்கிட்ட சொல்லிட்டேன் மச்சான், மாத்திரைய கொறைங்கன்னு. அன்னிக்கு மேடைல தப்பா வாசிச்சோம்னு எவ்ளோ நாள் தூங்காம கெடந்தேன் தெரியுமா? நம்ம காதே நம்மள ஏமாத்துதுடா. இனிமே விட மாட்டேன். கோயமுத்தூர், கொச்சின்னு கூப்புடறாங்களாமே, போலாம். போய்க்கினே இருக்கலாம்.”

இந்த ஒரு கச்சேரியோடு விடுவதாகச் சொன்னாயே என்று கேட்க வாய் வரை வந்தது. சுகிர்தா சொன்னது எனக்குத் தெரியக் கூடாது அல்லவா? அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது என் தோளைத் தட்டி, “உன் கிடார் பத்தி அந்த ஆளு சரியா எழுதலடா, மனசுல வச்சுக்காத” என்றான்.

அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு!

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. கிளாரா சர்க்கரைக்குப் பயந்து தொடவில்லை. நான் தின்றேன்.

இசைக்கலைஞர்கள் சங்கத்திலிருந்து போன். வாழ்நாள் சாதனையாளர் விருது தனசிங்குக்கு. தனசிங்குக்கு மட்டும். நண்பர் என்ற முறையில் நான் வாழ்த்துரை வழங்க வேண்டுமாம். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கஜா வந்தான். என் முகத்தைப் பார்த்தே ஏதோ யூகித்துவிட்டான்.

“அம்ப்ரோஸ், உன்ன எனக்கு நாப்பது வருஷமா தெரியும். மைக்ல எதுனா ஒளறி வைக்காத. இப்ப நீ சொன்னா அவன் செத்துடுவான்.”

“பொய்க்கு விருது வாங்கறது அவனுக்கு அசிங்கம் இல்லையா?”

“பொய் அவனுதா? உன்னுதுடா.”

கஜாவுக்கு நியாயம் சொன்னால் புரியாது. அந்தப் பெண் பெனிட்டாவைப் பற்றி இவர்கள் யாராவது நினைத்துப் பார்த்தார்களா? வாசித்தவள் ஒருத்தி, சால்வை வேறொருவனுக்கு. அவளுக்கு அழைப்பிதழ் அனுப்பினேன். தனசிங்கை நேரில் பார்க்க ஆசைப்பட்டவள்தானே.

நவம்பர் 10, ஞாயிறு

வேப்பேரியில் சின்ன அரங்கு. நிறைந்திருந்தது. தனசிங் கோட் போட்டிருந்தான். சுகிர்தா முதல் வரிசையில், பேரப்பிள்ளைகளோடு. பொன்னாடை போர்த்தினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு என்னை அழைத்தார்கள். நன்றாகவே பேசினேன். எங்கள் நட்பைச் சொன்னேன், அவன் நோயைச் சொன்னேன். நோய் என்றதும் சலசலப்பு. கடைசியில், “கலைக்கு உண்மைதான் அழகு. இந்த ஆல்பத்துல நீங்க கேட்ட டிரம்ஸ் தனசிங் வாசிச்சது இல்ல. அவனால வாசிக்க முடியல. வாசிச்ச பொண்ணு இங்கதான் இருக்கு. பாராட்டு அவளுக்குப் போறதுதான் முறை. பெனிட்டா, மேல வாம்மா” என்றேன். இதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

பெனிட்டா வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, “சார், அவருக்குத் தெரியும்னு சொன்னீங்களே? அவரே கேட்டாருன்னு சொன்னீங்களே?” என்று கத்தினாள். அதை அங்கே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

தனசிங் சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தவன், நிறுத்தத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு கஜாவைப் பார்த்தான். கஜா தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம்தான் சிரிப்பு நின்றது.

பொன்னாடையை எடுத்தான். படியிறங்கி அந்தப் பெண்ணிடம் போனான். யாரும் உதவவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குப் போர்த்தப் பார்த்தான். கை ஆடி ஆடி, ஆடை அவள் தோளில் நிற்காமல் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. “ரொம்ப நல்லா வாசிச்சிருக்கம்மா. நானே ஏமாந்துட்டேன்” என்றான். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கஜா மேடையேறி என்னை அடித்தான் என்று பேசுவார்கள். அவ்வளவு பலமாகப் படவில்லை.

நவம்பர் 11, திங்கள்

இடது கடைவாய்ப் பல் ஆடுகிறது. கஞ்சி.

நவம்பர் 12, செவ்வாய்

கிளாரா அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. சமையல் பெரிய வேலை இல்லை, ரசம் வைத்தேன்.

நவம்பர் 14, வியாழன்

யார் யாரோ போனில் திட்டுகிறார்கள். கச்சேரியில் கூட்டம் அவனுக்காகத் தாளம் தட்டியதை யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க அதைத்தான் பார்க்கிறதாம். அது பாதியில் நின்றுபோன பாட்டு. அதில் என்ன இருக்கிறது?

அட்டையில் ‘டிரம்ஸ்: தனசிங்’ என்ற வரியை எடுத்துவிடலாம் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். உண்மை வெளிவந்த பிறகு அதுதானே முறை. பெனிட்டாவிடம் அவள் பெயரைப் போடக் கேட்டார்களாம். தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம், இனி சென்னையில் வாசிக்கப் போவதில்லை என்றும் சொன்னாளாம். ஆக, டிரம்ஸுக்கு நேராக இப்போது யாரும் இல்லை. ‘கிடார்: அம்ப்ரோஸ்’ முதல் வரி.

நவம்பர் 17, ஞாயிறு

தனசிங்கைப் பார்த்து விளக்கலாம் என்று போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். சுகிர்தா இரும்பு கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினாள்.

“அவரு தூங்கறாரு.”

“எழுந்ததும் சொல்லும்மா. நான் பொய்யோட இருக்க முடியாதவன். அது அவனுக்குத் தெரியும்.”

“அந்தப் பொய்ய நான் சுமந்துட்டு இருந்தேன் அண்ணா. அவரு கண்ண மூடற வரைக்கும் சுமந்திருப்பேன். உங்களுக்கு அதுல என்ன கனம்?”

ஆப்பிளைக் கம்பி வழியாக நீட்டினேன். வாங்கவில்லை. கேட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். உள்ளே டிரம்ஸ் இருந்த மூலையில் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

கஜா குழுவை விட்டு விலகிவிட்டான். அதையும் அவன் சொல்லவில்லை, அவன் மகன் சொன்னான். பரவாயில்லை. கோயம்புத்தூர் கச்சேரிக்கு ஒரு பாடகனும், பேஸுக்கும் டிரம்ஸுக்கும் ஆளும் நிறுவனமே அனுப்புகிறது. இரண்டாம் ஒத்திகை முடிந்தது. டிரம்ஸ் பையன் கடிகாரம் மாதிரி வாசிக்கிறான். ஓர் இழை கூடத் தாமதம் இல்லை. எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன்! என்னவோ, பாட்டு கொஞ்சம் வெறுமையாக இருந்தது. அறை அப்படி.

டிசம்பர் 15, ஞாயிறு

காலை, துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தனசிங் போன். அன்றைக்குப் பிறகு முதல் தடவை. பேச்சு குழறுகிறது, மெல்லத்தான் வருகிறது.

“மச்சான், வேலையா இருக்கியா?”

“சொல்லுடா.”

“உன்மேல கோவம் இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும். சுகிகிட்ட கேட்டா நல்லதாத்தான் சொல்லுவா. கஜாவும் அப்படித்தான். நீதான் உண்மையச் சொல்றவன்.”

“என்ன?”

“அந்த லைவ் ஆல்பம் கேட்டப்ப, நான் வாசிச்சது எனக்கு ஞாபகம் வந்துச்சுடா. கை போன எடமெல்லாம். ஞாபகம் வந்துச்சுன்னு உங்க முன்னாடியே சொன்னேன். வாசிக்காததே ஞாபகம் வருதுன்னா...” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “‘தடம் புரண்டது’ பண்றப்ப எனக்கு மஞ்சக் காமாலை. காய்ச்சலோட வாசிச்சேன்னு நெனச்சிட்டிருக்கேன். அது நான்தானா மச்சான்? இல்ல அப்பவும் வேற யாரயாவது வச்சு... மத்த கேசட்டுல இருக்கறதெல்லாம் நான்தானா?”

அவன்தான். கண் மஞ்சளாக, ஒரு பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாந்தி எடுத்துவிட்டு வந்து வந்து வாசித்தான். ஸ்டுடியோக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார்கள். நானும் கிடாரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். ஆறு ஆல்பத்திலும் ஒவ்வோர் அடியும் அவன்தான்.

குழாயில் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. போய் மூடிவிட்டு வந்தேன். அவன் காத்திருந்தான்.

“ரொம்ப வருஷமாச்சுல்லடா. எனக்குச் சரியா ஞாபகம் இல்ல” என்றேன்.

அவன் மூச்சு மட்டும் கேட்டது. நான் வைக்கவில்லை. அவன்தான் வைத்தான்.